பதக்கப் பட்டியலில் ஒரு பெயர், ரயில் பட்டியலில் இன்னொன்று

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் என்றால் நம் ஆட்களுக்கு ஹாக்கிதான் நினைவுக்கு வரும். தியான் சந்த் ஆடிய அணி, இறுதி ஆட்டத்தில் ஹாலந்தை அவர்கள் ஊரிலேயே 3-0 என்று வென்றது. இந்தியாவுக்கு ஹாக்கியில் முதல் தங்கம். அது மே மாதம். அதே ஊரில் ஆகஸ்டில் நடந்த இன்னொரு போட்டியைப் பற்றி நம் பக்கம் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று முதன்முதலாக வைத்த ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி அது. தனிநபர் பதக்கம் கிடையாது, அணிக்கு மட்டும்தான். ஹாலந்து, இத்தாலி, பிரிட்டன், ஹங்கேரி, பிரான்ஸ் என ஐந்து நாடுகள் வந்திருந்தன. ஹாலந்து 316.75 புள்ளி எடுத்தது. இரண்டாவது வந்த இத்தாலிக்கு 289. கூடவே ஓட முடியாத தூரம்.

ஹாலந்து நாட்டுப் பெண்கள் ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் தங்கம் அதுதான். அணியில் பன்னிரண்டு பேர். அவர்களில் ஐந்து பேர் யூதப் பெண்கள்: எஸ்டெல்லா அக்ஸ்டெரிபெ, ஹெலேனா நோர்ட்ஹைம், ஆனா போலாக், யூடிக்யே சீமோன்ஸ், எல்கா டெ லேவி. பயிற்சியாளர் ஹெரிட் கிளேரேகோப்பரும் யூதர். பதினைந்து ஆண்டுக்குப் பிறகு, 1943 மார்ச் மாதத்திற்கும் செப்டம்பர் மாதத்திற்கும் இடையே, இந்த ஆறு பேரில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். மிஞ்சியவர் எல்கா ஒருவர்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர்களை யாருமே அடையாளம் காணவில்லையா? யாரும் தடுக்கவில்லையா?" எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆவணங்களில் உள்ள தேதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்த பிறகு, கேள்வியே பிழை என்று படுகிறது. அவர்களை யாரும் வீராங்கனைகளாகப் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஒரு முகவரியாக, ஒரு அட்டையாக, கையில் குழந்தையோடு நிற்கும் ஒரு தாயாகத்தான் கொண்டுபோனார்கள். பதக்கம் எங்கே உதவியிருக்கும் என்று தேடினால், அந்த வழி நெடுகிலும் அதற்கு ஒரு இடம்கூட இல்லை.

போருக்கு முந்தைய ஆம்ஸ்டர்டாமில் பத்தில் ஒருவர் யூதர். ஏறத்தாழ 80,000 பேர். பணக்கார வங்கியாளர் என்ற சித்திரத்தை இங்கே மறந்துவிட வேண்டும். பெரும்பாலானோர் கைத்தொழில் செய்தவர்கள், தள்ளுவண்டி வியாபாரிகள், தையல்காரர்கள், வைரப் பட்டறைத் தொழிலாளர்கள். கிளேரேகோப்பரும் வைரம் வெட்டும் தொழிலாளிதான். பகலில் பட்டறை, மாலையில் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம். சூரத்தில் வைரம் தீட்டுகிற ஒருவர் இந்தியப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்துத் தங்கம் வாங்கித் தந்ததாக நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஜிம்னாஸ்டிக்ஸ் அப்போது ஏழைக்கு எட்டக்கூடிய விளையாட்டு. குதிரையோ படகோ வேண்டாம். ஒரு கூடமும் நாலு கம்பியும் ஒரு நல்ல வாத்தியாரும் இருந்தால் போதும்.

போட்டி முடிந்ததும் அவரவர் வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸே இல்லை; ஆக, பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை. திருமணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். ஹாலந்து வழக்கப்படி மணமான பெண்ணுக்குக் கணவர் பெயர் முன்னே, பிறந்த வீட்டுப் பெயர் பின்னே. எஸ்டெல்லா, பிளிட்ஸ்-அக்ஸ்டெரிபெ ஆனார். ஹெலேனா, குளோட்-நோர்ட்ஹைம். ஆனா, டிரெஸ்டன்-போலாக். யூடிக்யே, தேமான்ஸ்-சீமோன்ஸ். விளையாட்டு ஆவணத்தில் 'அ'வில் இருந்த ஒருவர் நகராட்சிப் பதிவேட்டில் 'பி'க்குப் போய்விட்டார். சின்ன விஷயம்தான். ஆனால் நாட்டை ஆக்கிரமித்தவன் கைக்குப் போனது விளையாட்டு ஆவணம் இல்லை, நகராட்சிப் பதிவேடு.

1940 மே 10-ஆம் தேதி ஜெர்மானியப் படை நுழைந்தது. 14-ஆம் தேதி ரோட்டர்டாம் நகரைக் குண்டுவீசி அழித்தார்கள். மறுநாள் ஹாலந்து சரணடைந்தது. அரசியும் அமைச்சர்களும் லண்டனுக்குப் போய்விட்டார்கள். அதிகாரிகள் இருந்தார்கள். அலுவலகங்கள் வழக்கம்போலக் காலையில் திறந்தன.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்: யாக்கோபுஸ் லென்ட்ஸ். மக்கள்தொகைப் பதிவேடுகளைக் கவனித்த ஹாலந்து அதிகாரி. அவர் நாஜிக் கட்சிக்காரரல்ல. தன் வேலையில் பைத்தியமாக இருந்தவர். போலி செய்யவே முடியாத அடையாள அட்டை ஒன்றை வடிவமைப்பது அவருடைய நெடுநாள் கனவு. ஹாலந்து அரசாங்கம் அதை ஏற்கவில்லை. ஆக்கிரமிப்பாளர்கள் ஏற்றார்கள். 1941 ஜனவரியில், யூதர்கள் எல்லோரும் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏறக்குறைய எல்லோரும் பதிவு செய்தார்கள்; 140,000 பேர். சட்டத்தை மதித்துப் பழகிய மக்கள். அந்தப் பதிவேட்டை ஒழுங்காகத் தொகுத்துக் கொடுத்தது லென்ட்ஸின் அலுவலகம். அட்டையில் யூதர்களுக்கு 'ஜெ' என்ற எழுத்து குத்தப்பட்டது. போருக்குப் பிறகு லென்ட்ஸுக்குக் கிடைத்த தண்டனை மூன்று ஆண்டு சிறை. யாரையும் கையால் தொடாதவர். இந்த ஆய்வில் வரும் எல்லாப் பெயர்களிலும், இந்த ஆளைத்தான் என்னால் சுலபத்தில் கடந்து போக முடியவில்லை.

1941 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் யூதர் பகுதியில் நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்துப்போனபோது நகரம் கொந்தளித்தது. 25, 26 தேதிகளில் டிராம் ஓட்டுநர்கள், கப்பல் பட்டறைக்காரர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். யூதர்களைக் கொடுமைப்படுத்தியதை எதிர்த்து ஆக்கிரமிக்கப்பட்ட ஐரோப்பாவில் இவ்வளவு பெரிய வேலைநிறுத்தம் வேறெங்கும் நடக்கவில்லை. துப்பாக்கியால் அடக்கினார்கள். அதற்குப் பிறகு அந்த அளவில் எதிர்ப்பு எழவில்லை.

பின்பு விளையாட்டின் முறை. 1941 செப்டம்பர் 15 முதல் பூங்கா, நீச்சல் குளம், உணவகம், நூலகம், விளையாட்டுத் திடல் எல்லாவற்றிலும் 'யூதர்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை. அடுத்து, யூதர் அல்லாதவர்கள் உறுப்பினராக இருக்கும் சங்கங்களிலிருந்து யூதர்கள் விலக வேண்டும் என்றார்கள். பலகையை மாட்டியது ஜெர்மானியச் சிப்பாய் இல்லை. பெரும்பாலான இடங்களில் அந்தந்தச் சங்கத்தின் ஆட்களே மாட்டினார்கள். இதில் இன்னொன்றும் உறுத்துகிறது. போர்க்காலத்தில் ஹாலந்தின் விளையாட்டு அரங்குகளில் கூட்டம் குறையவே இல்லை, கூடியது. வேறு பொழுதுபோக்கு இல்லாத காலம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தவறாமல் நடந்தது. அயாக்ஸ் கால்பந்து அணியில் 1920-களில் வலது ஓரம் ஆடிய எடி ஹாமெல், நியூயார்க்கில் பிறந்தவர், அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், 1943 ஏப்ரலில், போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவர் ஒரு காலத்தில் ஆடிய அணி அந்தப் பருவத்திலும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

1942 மே மாதம் முதல் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம். ஜூலை 15 அன்று வெஸ்டர்போர்க்கிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு முதல் ரயில். இந்த வெஸ்டர்போர்க் முகாமின் தோற்றமே ஒரு கசப்பான வேடிக்கை. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளைத் தங்கவைக்க 1939-இல் ஹாலந்து அரசாங்கம் கட்டியது அது. அடைக்கலம் கொடுக்கக் கட்டிய கொட்டகைகளையே ஆக்கிரமிப்பாளன் எடுத்துக்கொண்டான். உள்ளே மருத்துவமனை இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, கலைநிகழ்ச்சிகள்கூட நடந்தன. பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் ரயில் புறப்படும். யார் ஏற வேண்டும் என்ற பட்டியல் முந்தைய இரவு கொட்டகையில் வாசிக்கப்படும். திங்கட்கிழமை இரவைத் தாண்டினால் இன்னும் ஒரு வாரம்.

நால்வரில் முதலில் போனவர் யூடிக்யே. அவரும் கணவரும் உத்ரெக்ட் நகரில் யூத அநாதைக் குழந்தைகள் இல்லம் ஒன்றை நடத்தினார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவர்கள் பொறுப்பில் இருந்தார்கள். சொந்தப் பிள்ளைகள் இரண்டு: ஐந்து வயது மகள், மூன்று வயது மகன். ஹாலந்தில் தலைமறைவானவர்கள் 25,000 பேருக்கு மேல். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உயிர் பிழைத்தார்கள் என்பது பொதுவான கணக்கு. தலைமறைவுக்குப் பணம் வேண்டும், நம்பகமான ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வேண்டும், பெரும்பாலும் பிள்ளைகளை ஓரிடத்திலும் பெற்றோரை வேறிடத்திலும் பிரித்து வைக்க வேண்டும். ஒரு குழந்தையை ஒரு பண்ணை வீட்டில் ஒளித்து வைக்கலாம். எண்பது பேரை எங்கே ஒளிப்பது? 1943 மார்ச் 17 அன்று வெஸ்டர்போர்க்கிலிருந்து புறப்பட்ட ரயில் 20-ஆம் தேதி கிழக்குப் போலந்தின் சோபிபோரை அடைந்தது. யூடிக்யே, கணவர், இரண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் அன்றுதான் இறுதி நாள்.

அதற்கு ஒரே வாரம் கழித்து, மார்ச் 27 இரவில், எதிர்ப்பியக்கத்தார் சிலர் போலீஸ் உடையில் ஆம்ஸ்டர்டாம் மக்கள்தொகைப் பதிவேட்டு அலுவலகத்தில் நுழைந்தார்கள். காவலர்களுக்கு மயக்க ஊசி போட்டுவிட்டு, அட்டைப் பெட்டிகளைத் திறந்து கொட்டி வெடிவைத்தார்கள். ஓவியர் வில்லெம் அரொண்டேயுஸ், சிற்பி ஹெரிட் ஃபன் டெர் ஃபேன் ஆகியோர் முன்னின்று செய்தது. தீயணைப்புத் துறைக்குச் சூசகம் தெரியும். மெதுவாக வந்தார்கள், எரியாத அட்டைகள் மேலும் தண்ணீரைப் பீய்ச்சியடித்து நாசமாக்கினார்கள். அத்தனை துணிச்சலுக்குப் பிறகும் அழிந்தது ஏறத்தாழ 15 விழுக்காடுதான். லென்ட்ஸின் வேலை அவ்வளவு உறுதி. காட்டிக்கொடுக்கப்பட்டு, பன்னிரண்டு பேர் 1943 ஜூலை 1 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்த ஜூலை 1 அன்று இன்னொரு ரயில் வழியில் இருந்தது. ஜூன் 29, செவ்வாய்க்கிழமை, வெஸ்டர்போர்க்கிலிருந்து 2,397 பேரோடு புறப்பட்ட ரயில். அதில் ஹெலேனா, அவர் கணவர், பத்து வயது மகள். அதே ரயிலில் கிளேரேகோப்பர், அவர் மனைவி, பதினான்கு வயது மகள். பயிற்சியாளரும் மாணவியும் ஒரே ரயிலில். ஒருவரையொருவர் பார்த்தார்களா என்று யாருக்கும் தெரிய வழியில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் அடைபட்ட சரக்குப் பெட்டிகள். வெஸ்டர்போர்க்கில் பார்த்திருக்கலாம். ஜூலை 2 அன்று சோபிபோர். கிளேரேகோப்பரின் மகன் அடுத்த ஆண்டு ஆஷ்விட்ஸில் இறந்தார், 21 வயதில்.

ஆனா போலாக்கின் ரயில் ஜூலை 20-இல் புறப்பட்டது. அவரோடு ஆறு வயது மகள் மட்டும். கணவர் பிரிக்கப்பட்டுப் பின்னர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். வெஸ்டர்போர்க்கிலிருந்து சோபிபோருக்குப் போன கடைசி ரயில் அது. அடுத்த வாரமென்றால் அந்த இடத்துக்கு ரயிலே கிடையாது. இதைப் படிக்கும்போது "ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால்" என்று மனம் ஓடும். அந்த ஆறுதலுக்கு எஸ்டெல்லாவின் முடிவு இடம் கொடுக்காது. சோபிபோர் ரயில்கள் நின்ற பிறகு, செப்டம்பர் 14 அன்று, கணவர், ஆறு வயது மகள், இரண்டு வயது மகன் ஆகியோரோடு அவர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். வேறு ஊர், அதே முடிவு. நால்வரில் இளையவர் அவர். தங்கம் வாங்கியபோது வயது 19.

சோபிபோர் என்றால் என்ன என்பதைச் சொல்லாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. அது வேலை வாங்கும் முகாம் அல்ல. கொல்வதற்கென்றே கட்டிய சிறிய இடம். வந்தவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் நச்சுவாயு அறைக்குப் போனார்கள். 1943 மார்ச் முதல் ஜூலை வரை வெஸ்டர்போர்க்கிலிருந்து 19 ரயில்களில் 34,313 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் 18 பேர். ஜூன் 1-ஆம் தேதி ரயிலில் 3,006 பேர் போனார்கள். உயிரோடு மிஞ்சியவர் யூலெஸ் ஸ்கெல்வீஸ் ஒருவர். அவரும் இன்னும் சிலரும் அன்று பிழைத்ததற்குக் காரணம், இறங்கிய இடத்திலேயே பக்கத்து வேலை முகாமுக்கென்று கொஞ்சம் இளைஞர்களைப் பிரித்தெடுத்ததுதான்.

அங்கேதான் ஒரு விளையாட்டு வீராங்கனையின் உடம்புக்கு ஏதாவது மதிப்பு இருந்திருக்க முடியும். வயது 36, 38, 39, கட்டுக்கோப்பான உடல்கள், கம்பியில் தொங்கிப் பழகிய கைகள். ஆனால் சோபிபோரில் இறங்கிய இந்த மூன்று பெண்களின் கையிலும் குழந்தை இருந்தது. குழந்தையோடு வந்த தாயை வேலைக்குப் பிரித்தெடுக்கும் வழக்கம் சோபிபோரிலும் இல்லை, ஆஷ்விட்ஸிலும் இல்லை.

மேற்கு ஐரோப்பாவில் ஹாலந்து யூதர்களைப்போல அழிந்தவர்கள் வேறில்லை: ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, 102,000 பேர். பக்கத்துப் பெல்ஜியத்தில் சுமார் 40 விழுக்காடு, பிரான்ஸில் 25. காரணங்களை வரலாற்றாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பெல்ஜியத்தை ராணுவம் ஆண்டது, ஹாலந்தை நாஜிக் கட்சியின் சிவில் நிர்வாகம் ஆண்டது. ஒளிய மலையோ காடோ இல்லாத தட்டை நிலம். நடுநிலை நாட்டு எல்லை எதுவும் பக்கத்தில் இல்லை. உள்ளூர்ப் போலீஸின் ஒத்துழைப்பு. யூத மன்றம் என்ற பெயரில் யூதர்களை வைத்தே உத்தரவுகளை நிறைவேற்றிய சூழ்ச்சி. இவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்று நான் தராசு பிடிக்கப் போவதில்லை. இந்த ஐந்து பேர் விஷயத்தில் மட்டும் கேட்டால், பதிவேட்டுக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். தேடிப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லாதபடி எல்லோருடைய கதவு எண்ணும் முன்கூட்டியே கையில் இருந்தது.

தங்கப் பதக்கம் கேடயமாகாது என்பதற்கு ஹாலந்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. 1896 ஏதென்ஸ், அதாவது முதல் நவீன ஒலிம்பிக். ஜெர்மனிக்காக ஜிம்னாஸ்டிக்ஸில் அணித் தங்கம் வாங்கியவர்களில் இருவர் யூதர், ஒன்றுவிட்ட சகோதரர்கள்: ஆல்ஃபிரட் ஃபிளாடோ, குஸ்டாஃப் ஃபெலிக்ஸ் ஃபிளாடோ. ஹிட்லர் வந்ததும் குஸ்டாஃப் ரோட்டர்டாமுக்கு ஓடிவந்தார். பத்தாண்டு கழித்து 1943-இன் கடைசி இரவில் பிடிபட்டார். இருவருமே தெரேசியென்ஷ்டாட் முகாமில் இறந்தார்கள். ஆல்ஃபிரட் 1942-இல், குஸ்டாஃப் 1945 ஜனவரியில், போர் முடிய நான்கு மாதம் இருக்கையில். இவர்கள் பதக்கம் வாங்கிக் கொடுத்தது, தங்களைக் கொன்ற அதே நாட்டுக்கு.

1928 ஹாலந்து அணியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் இருந்த மோசெஸ் யாக்கோப்ஸ் 1943 ஜூலையில் சோபிபோரில் கொல்லப்பட்டார். குத்துச்சண்டை அணியில் இருவர்: ஃபிளைவெயிட் எடைப் பிரிவில் பென் பிரில், யூதப் பையன், அணியிலேயே சிறுவன், கன எடையில் சாம் ஓலெய். ஓலெய் பின்னாளில் நாஜிகள் பக்கம் சேர்ந்து, ஆம்ஸ்டர்டாம் போலீஸில் யூதர்களைப் பிடிக்கும் பிரிவில் வேலை பார்த்தார். ஒரே கொடியின் கீழ் ஒரே ஒலிம்பிக்கில் நின்றவர். "தெரிந்தவர்கள் யாரும் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு இவரைத்தான் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் இருந்தார்கள். பிரில் மனைவியோடும் மகனோடும் பெர்கன்-பெல்சன் முகாம் வரை போய்த் திரும்பினார். பின்னர் உலகப் புகழ் பெற்ற குத்துச்சண்டை நடுவராகிப் பல ஒலிம்பிக்குகளில் பணியாற்றினார்.

முகாம்களுக்கு அனுப்பப்பட்ட 107,000 பேரில் ஏறத்தாழ 5,200 பேர் ஹாலந்துக்குத் திரும்பினார்கள். எல்கா டெ லேவி அந்த நகரத்திலேயே வாழ்ந்து, 1979 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். 1997-இல் சர்வதேச யூத விளையாட்டுப் புகழ்மன்றம் அந்த அணியின் யூத உறுப்பினர்களையும் பயிற்சியாளரையும் சேர்த்துக்கொண்டது. அதற்குள் அவர்களில் யாரும் உயிரோடு இல்லை.

இன்று பன்னிரண்டு பேரின் பெயர்களையும் பிறப்பு, இறப்புத் தேதிகளோடு ஓர் அட்டவணையில் பார்க்கலாம். இறப்புப் பத்தியில் நான்கு தேதிகள் நெருங்கி நிற்கும்: 1943 மார்ச் 20, ஜூலை 2, ஜூலை 23, செப்டம்பர் 17. பார்த்தால் யாரோ பக்கத்தில் இருந்து குறித்து வைத்ததுபோல அவ்வளவு துல்லியம். அப்படி யாரும் குறிக்கவில்லை. சோபிபோரில் இறந்தவர்களுக்குப் பதிவேடே வைக்கவில்லை. போர் முடிந்த பிறகு, சொத்துக்கும் சான்றிதழுக்கும் ஏதாவது ஒரு தேதி வேண்டியிருந்தது. வெஸ்டர்போர்க்கின் ரயில் பட்டியல்கள் அப்படியே இருந்தன. ரயில் புறப்பட்ட நாளை எடுத்து, அதோடு மூன்றைக் கூட்டினார்கள்.